பாலிஷ் மோட்டார் வாங்கும் முன் பிடியைப் பாருங்கள்: கடிகார, நகைப் பட்டறைக்கு முழு வழிகாட்டி

பாலிஷ் மோட்டார் எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வேலையை எதில் பிடிக்கப் போகிறீர்கள் என்றுதான். பெரும்பாலும் "கையில்தான்" என்று பதில் வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிமிடத்துக்கு 2800 முறை சுற்றும் சக்கரத்தின் எதிரே, 2 கிராம் கம்மலை இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றால், அது பறந்துவிடக் கூடாதே என்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். அழுத்தம் ஏறி இறங்கும், கோணம் ஆடும், கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டுபோகும். அதன் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த மோட்டார் இருந்தும் அந்த விளிம்பு திரும்பி வராது.

அதனால் இந்த வழிகாட்டி பிடிகளில் தொடங்கி, அப்புறம் மெஷினுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் பணத்தையும் இந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்: பிடிகள், தூசி உறிஞ்சி, மோட்டார்.

வேலையைத் தொடும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பளபளப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று, தேய்த்து உலோகத்தை எடுப்பது. கரடான துகளில் தொடங்கி மெல்லிய துகளுக்கு வர வர, கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாகிவிடும். இன்னொன்று, உலோகத்தை எடுக்காமல் மேற்பரப்பை அழுத்தி மழுப்புவது. கடினமான எஃகுக் குண்டோ, அகேட் கல் பதித்த கருவியோ மேலே உருண்டு, மேடுபள்ளத்தைச் சமப்படுத்திவிடும். சக்கரம் முதல் வகை, எஃகுக் குண்டு போட்டுச் சுழலவிடும் உருளைப் பீப்பாய் இரண்டாம் வகை. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் அரம் போட்ட ஆழமான கீறல் இருக்கும் மோதிரத்தைப் பீப்பாயில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கீறல் போகாது, பளபளப்பான கீறலாகத்தான் வெளியே வரும்.

சக்கரத்துக்குக் கொண்டு போகும் முன்பே உப்புத்தாள் வேலை முடிந்திருக்க வேண்டும். 400, 600, 800, 1200 என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையை முந்தையதற்குக் குறுக்காக மாற்றுங்கள், அப்போது பழைய கீறல் மிச்சமிருந்தால் உடனே கண்ணில் படும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, சக்கரத்தில் போட்டு அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள்தான் மோதிரத்தின் முகத்தை அலை அலையாக்கி விடுகிறார்கள். மெத்தையான துணிச் சக்கரம் கீறலையும் அதன் பக்கத்தில் இருக்கும் நல்ல உலோகத்தையும் சேர்த்தே எடுக்கும்.

பிடிகள்

மேசை ஆப்பு. மேசை விளிம்பில் மாட்டிய, நடுவில் வெட்டு போட்ட மரத்துண்டுதான். நகை வேலைக்கு இதைவிட அடிப்படையான பிடி கிடையாது. விலை கொடுத்து வாங்கியதை அப்படியே வைத்திருக்காதீர்கள். உங்கள் வேலைக்கு ஏற்றபடி அதில் காடி வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்துக்கு ஒரு வளைவு, கம்பிக்கு ஒரு பள்ளம். தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருக்கும் மரம் அது.

மோதிரக் கிளாம்ப். இரண்டு மரத் துண்டுகள், நடுவில் கீல் மாதிரி ஒரு இணைப்பு, வாய்ப்பகுதியில் தோல் ஒட்டியிருக்கும், மறுமுனையில் ஒரு சிறு ஆப்பைச் செருகித் தட்டினால் வாய் இறுகும். ஒரு முனை நேராகவும் இன்னொன்று வளைவாகவும் இருக்கும், இரண்டையுமே பயன்படுத்தலாம். மோதிரத்தின் கீழ்வளையத்தைத் தோலுக்கு இடையில் வைத்து இறுக்கினால் கல் பதித்த தலைப்பகுதி வெளியே நிற்கும். சக்கரத்தில் மோதிரம் சூடேறும்போது விரல் சுடாது என்பது இதன் பெரிய லாபம், ஏனென்றால் விரல் சுட்டால் கை தானாகவே விலகும், விலகும் அந்த நொடியில்தான் சக்கரம் பிடுங்கும். தோல் மழமழப்பாகிவிட்டால் புதிதாக ஒட்டுங்கள். மெழுகு ஏறிய தோல் பிடிக்காது.

உள்ளிருந்து விரியும் பிடி. மோதிரத்தின் வெளிப்பக்கம் முழுவதும் பாலிஷ் வேண்டுமென்றால் வெளியே எதையும் பிடிக்க முடியாது. பிளவுபட்ட உருளை ஒன்று மோதிரத்தின் உள்ளே போய், திருகைத் திருப்பியதும் விரிந்து இறுகும். கல்லைச் சுற்றிச் செதுக்கும் வேலைக்கும் இதே பிடிதான். அதிகம் இறுக்கினால் மெல்லிய வளையம் உருவம் மாறிவிடும், குறிப்பாக 22 கேரட் தங்கம் மிருதுவானது. கையில் ஆடவில்லை என்று தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள்.

கை வைஸும் பின் (pin) வைஸும். கையில் பிடிக்கும் சிறு இறுக்கிகள் இவை. கம்பி, ஊசி, கம்மல் தண்டு, கடிகாரத் திருகு போன்ற மெல்லியவற்றுக்கு. பின் வைஸில் காலெட் போடுவார்கள், பிளவுபட்ட சிறு பித்தளை அல்லது எஃகுக் குழல். கடிகாரக் கடைசலில் போடும் 8 மி.மீ. காலெட்டுகளின் எண் பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. 20 என்று போட்டிருந்தால் அது 2.0 மி.மீ. பொருளைப் பிடிக்கும். 2.3 மி.மீ. பொருளை 20-ஆம் எண்ணில் திணிக்காதீர்கள், காலெட் வாய் விரிந்து அதன் நேர்த்தன்மை போய்விடும், அதன் பிறகு அதில் பிடிப்பதெல்லாம் ஆடிக்கொண்டே சுற்றும்.

அரக்கும் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கும். வடிவமே இல்லாத பொருளை, அதாவது எந்தத் தாடையிலும் உட்காராத கம்மலையோ லாக்கெட்டையோ, மரக்குச்சி முனையில் அரக்கை உருக்கி அதில் பதித்துவிடலாம். அரக்கு இளகும்போது பொருளும் லேசாகச் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த உலோகத்தில் அது ஒட்டாது. வேலை முடிந்ததும் சூடு காட்டி எடுத்து, ஒட்டியிருப்பதை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரைந்துவிடும். இப்போது வெந்நீரில் போட்டாலே இளகும் பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கின்றன. பிசைந்து பொருளைச் சுற்றி அழுத்தி ஆறவிட்டால் கல்மாதிரி இறுகும், மறுபடி வெந்நீரில் போட்டால் கழன்றுவிடும். கரைப்பான் தேவையில்லை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நான் அரக்கைவிட இதையே அதிகம் கையிலெடுக்கிறேன். ஆனால் முத்து, ஓப்பல், மரகதம் இருக்கும் நகைக்கு இரண்டுமே வேண்டாம், சூடு அவற்றுக்கு ஆகாது.

உருண்டை வைஸ். கனமான இரும்பு உருண்டை மேல் இரண்டு தாடைகள், எந்தப் பக்கமும் சுழலும், சாயும். செதுக்குபவர்களும் கல் பதிப்பவர்களும் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும் கருவி. பாலிஷுக்கென்று மட்டும் இதை வாங்க வேண்டாம், ஆனால் இருந்தால் தொங்கு மோட்டாரில் (அதைப் பற்றிப் பின்னால் வருகிறது) வேலை பார்க்கும்போது இரண்டு கையும் விடுதலையாகும்.

சாமணமும் குறடும். கூரான சாமணத்தைப் பாலிஷ் முடிந்த பொருளின் அருகே கொண்டு போகாதீர்கள். பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ முனை உள்ளது போதும். குறடு வாங்கும்போது இரண்டு தாடைகளும் இணையாகவே நகரும் வகையைப் பாருங்கள். சாதாரணக் குறடு கத்தரி மாதிரி கோணத்தில் மூடும், அதனால் ஒரு புள்ளியில் மட்டும் கடித்துப் பள்ளம் போடும்.

கடிகாரப் பிடிகள். மூவ்மென்டை, அதாவது கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பிடிக்கும் வளையம் வேறு, அதை மூடியிருக்கும் வெளிக்கூடான கேஸைப் பிடிக்கும் வைஸ் வேறு. முதலாவது பொதுவாகத் திருகு ஒன்றைத் திருப்பினால் தாடைகள் நெருங்கி வந்து மூவ்மென்டின் விளிம்பைப் பிடிக்கும் சின்ன எஃகு அல்லது பித்தளைச் சட்டம். சுவிட்சர்லாந்தின் லெ லொக்லில் 1791 முதல் இருக்கும் பெர்ஜியான் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. கேஸ் வைஸ் என்பது நான்கு பிளாஸ்டிக் முளைகள் கேஸைச் சுற்றி நெருக்குவது, அது பின்மூடியைத் திறக்கத்தான். பாலிஷ் செய்யும்போது கேஸை வெளியிலிருந்து பிடித்தால் எதைப் பாலிஷ் செய்வீர்கள்? அதற்கு உள்ளிருந்து பிடிக்கும் கைப்பிடி வேண்டும். பின்மூடி இருந்த ஓட்டையின் அளவுக்கு மரத்திலோ டெல்ரின் பிளாஸ்டிக்கிலோ கடைந்த குமிழ் ஒன்று இருந்தாலே அருமையாக வேலை செய்யும், கடைசல் இருப்பவர்கள் அரை மணி நேரத்தில் செய்துகொள்ளலாம். உலோகத்தில் மட்டும் செய்யாதீர்கள், திருகு மரையைக் கெடுத்துவிடும்.

மோட்டார்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2800 சுற்றும், நான்கு துருவ மோட்டார் 1400 சுற்றும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 3450, 1725. கடைக்காரர் சுற்று எண்ணைத்தான் சொல்வார். ஆனால் உலோகத்துக்குத் தெரிவது சக்கர விளிம்பின் வேகம், அது விட்டத்தையும் பொறுத்தது. கணக்கு எளிது: விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, சுற்று எண்ணால் பெருக்குங்கள். 100 மி.மீ. சக்கரம் 2800-ல் ஓடினால் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 880 மீட்டர் ஓடுகிறது. அதே மோட்டாரில் 150 மி.மீ. போட்டால் 1300 மீட்டரைத் தாண்டும், 50 மி.மீ. போட்டால் 440 மீட்டர்தான்.

இதன் அர்த்தம், வேகம் மாற்றும் குமிழ் இல்லாத மோட்டாரிலும் வேகத்தை நீங்கள் மாற்றலாம், சக்கரத்தின் அளவை மாற்றினால் போதும். கல் பதித்த மென்மையான நகைக்குச் சின்னச் சக்கரம், கனமான வெற்று வளையலுக்குப் பெரிய சக்கரம். தேய்ந்து சிறுத்த சக்கரத்தை ஏன் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கும் பதில் இதுவே. நகைப் பட்டறைக்கு 100 முதல் 150 மி.மீ. வரை போதும், அதற்குக் கால் முதல் அரை குதிரைத்திறன் மோட்டார் போதும். சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச சுற்று எண்ணை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

இரண்டு பக்கமும் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டாரில், கூம்பான திருகு முனை மாட்டுவார்கள். வலப்பக்கத்துக்கு ஒரு திசை மரை, இடப்பக்கத்துக்கு எதிர்த்திசை மரை. சுற்றும்போது சக்கரம் தானாகவே இறுகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இப்படி. மாற்றி வாங்கிவிட்டால் மோட்டார் ஓட ஓடச் சக்கரம் கழன்று வரும்.

மோட்டாரை மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அச்சு உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். சக்கரத்தைச் சுற்றிப் பின்பக்கம் மூடிய கூண்டு, அதிலிருந்து உறிஞ்சிக்குக் குழாய். கூண்டின் அடியில் மெத்தென்று ஏதாவது போட்டு வையுங்கள், நழுவும் பொருள் அங்கேதான் போய் மோதும். கால் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது, கையில் பொருளை வைத்துக்கொண்டே நிறுத்த முடியும்.

சக்கரமும் சோப்பும்

தையல் போட்ட துணிச் சக்கரம் இறுக்கமாக இருக்கும், வெட்டும் வேலைக்கு. தையல் இல்லாத தளர்ந்த துணி கடைசிப் பளபளப்புக்கு. ஃபெல்ட், அதாவது அழுத்திய கம்பளி, கடினமானது, தட்டையான முகத்தைத் தட்டையாகவே வைக்கும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் போட்டுவிடும். மோதிரத்தின் உள்பக்கத்துக்கு ஃபெல்ட் கூம்பு. சந்துபொந்துக்கு முடி பிரஷ்.

பாலிஷ் சோப்பு என்பது தேய்க்கும் துகளை மெழுகில் கலந்த கட்டி. அதில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறம் மாறும். இருந்தாலும் பொதுவாகப் பழுப்பு டிரிப்போலி வெட்டுவதற்கு, சிவப்பு ரூஜ் தங்கம் வெள்ளிக்குக் கடைசி மெருகுக்கு, பச்சை எஃகுக்கும் பிளாட்டினத்துக்கும். ரூஜ் என்பது இரும்பு ஆக்சைடு, பச்சையில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, வெள்ளைக் கட்டிகளில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. டிரிப்போலியில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசியை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் வரும், அது வந்த பிறகு குணமாகாத நுரையீரல் நோய். சிலிக்கா இல்லாத வெட்டும் சோப்புகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன, புதிதாகத் தொடங்குபவர் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு சக்கரத்துக்கு ஒரு சோப்பு, அவ்வளவுதான். டிரிப்போலி போட்ட சக்கரத்தில் ரூஜ் போடக் கூடாது, ரூஜ் சக்கரத்தின் மேல் டிரிப்போலித் தூள் கூட விழக் கூடாது. பக்கத்தில் சோப்பின் பெயரை எழுதி, தனித்தனி மூடிய பையில் வையுங்கள். எஃகுக்குப் பயன்படுத்திய சக்கரத்தைத் தங்கத்துக்கு எடுக்காதீர்கள்.

சோப்பை ஓடும் சக்கரத்தில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், போதும். அதிகம் போட்டால் பொருளின் மேல் கறுப்பாகப் பிசுக்கு ஏறும், வெட்டாது, வழுக்கும். பிசுக்கு ஏறிய சக்கரத்தைப் பழைய ரம்பப் பிளேடால் சீவிவிட்டால் மறுபடி உயிர் வந்துவிடும். சீவும்போது முகமூடி போடுங்கள், அப்போது வரும் தூசிதான் ஆக மோசம்.

சக்கரத்தின் முன்னே

உட்காருவதற்கு முன் மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். நீளமான முடியைக் கட்டுங்கள், முழுக்கையை மடியுங்கள். துணிக் கையுறை கூடவே கூடாது, சக்கரம் கையுறையைப் பிடித்தால் விரலோடு சேர்த்து இழுக்கும். சூடு தாங்கவில்லை என்றால் தோல் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள், இழுத்தால் அது தனியே கழன்று போகும். கண்ணாடியும் தூசி முகமூடியும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வந்து, முன்பக்கம் கீழே இறங்கும். பொருளை அச்சு மட்டத்துக்குக் கீழே, முன்பக்கக் கால்வட்டத்தில் மட்டும் தொடுங்கள். அங்கே பிடி நழுவினால் பொருள் கீழே, கூண்டுக்குள் போகும். அச்சுக்கு மேலே தொட்டால் முகத்துக்கு வரும்.

அடுத்தது விளிம்பு. சக்கரம் பொருளின் உடம்பில் ஏறி விளிம்பில் இறங்கிப் போக வேண்டும், விளிம்பில் ஏறக் கூடாது. விளிம்பில் ஏறும் சக்கரம் அதைக் கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு தட்டையான லாக்கெட் என்றால் மேல்பாதியைத் தொடாமல் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை பாலிஷ் செய்து, அப்புறம் தலைகீழாகத் திருப்பி மறுபாதி. துளை, பிளவு, கல் முனைகள் இருக்கும் பொருளுக்கு இது இன்னும் முக்கியம்.

வெட்டும்போது உறுதியாக அழுத்தி, பொருளைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் பள்ளம். மெருகுக்கு வரும்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், ரூஜுக்குத் தேவை வேகமும் லேசான தொடுதலும். வெள்ளியில் ஒரு தொல்லை உண்டு: 925 வெள்ளியில் இருக்கும் செம்பு, பற்றவைக்கும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்புக்கு அடியில் கறை படிந்துவிடும். பாலிஷ் ஏற ஏற அது ஊதா கலந்த சாம்பல் திட்டாகத் தெரியும். வெள்ளைக் காகிதத்தை எதிரே காட்டினால் திட்டின் எல்லை துலக்கமாகப் புலப்படும். ரூஜில் அது போகாது, உப்புத்தாளுக்குத் திரும்பி அந்த அடுக்கையே எடுக்க வேண்டும். பிளாட்டினத்துக்கு வேறு விதமான பொறுமை வேண்டும். அது தேயாமல் இழுபடும், அதனால் உப்புத்தாள் படிகளை ஒன்று விடாமல் போக வேண்டியிருக்கும்.

சங்கிலியைச் சக்கரத்தில் காட்டாதீர்கள்

ஒருமுறை மெல்லிய சங்கிலி ஒன்றை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் காட்டினேன். ஒரு கண்ணி துணியில் மாட்டியதுதான் தெரியும், அடுத்த நொடி முழுச் சங்கிலியும் அச்சில் சுற்றிக்கொண்டது. விரலில் சுற்று தளர்வாக இருந்ததால் தோலோடு போயிற்று. எத்தனை அவசரமானாலும் விரலில் எதையும் சுற்றாதீர்கள். கனமான சங்கிலியைச் சக்கரத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் மரப் பலகையில் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனைகளையும் பலகைக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, பலகையின் மேல் படிந்திருக்கும் பகுதியை மட்டும் லேசாகத் தொடுங்கள்.

அதைவிடச் சங்கிலிக்கென்றே இருக்கும் வழி உருளைப் பீப்பாய். பாதி அளவு துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள், பல வடிவம் கலந்தவை. குண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர், சில துளி பீப்பாய்ச் சோப்பு. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள், போதாவிட்டால் தொடருங்கள். நுரை கறுப்பாக வந்தால் குண்டுகள் அழுக்காகியிருக்கின்றன, தண்ணீரை மாற்றுங்கள்.

காந்தப் பாலிஷ் மெஷின் இன்னொரு வகை. கிண்ணத்தில் ஊசி மாதிரி மெல்லிய எஃகுத் துண்டுகள், கீழே சுழலும் காந்தம். ஊசிகள் துள்ளிக்கொண்டே சந்துகளில் எல்லாம் புகுந்து வரும். கம்பி வேலைப்பாடு, கல் கூட்டின் உள்பக்கம், வார்ப்பில் கொத்தாக வந்த பொருள்கள், இவற்றுக்கு இதை அடிக்க வேறொன்று இல்லை. அகலமான வெற்று முகத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி வராது, நுண்ணிய புள்ளிகள் விழும். ஒரு எச்சரிக்கை: இந்த மெஷின் இருக்கும் மேசையில் கடிகாரம் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் தாறுமாறாக வேகமெடுக்கும்.

முத்து, ஓப்பல், மரகதம், டர்க்காய்ஸ் இருக்கும் நகைகளை இரண்டிலுமே போடாதீர்கள்.

தொங்கு மோட்டார்

மேலே தொங்கும் மோட்டார், வளையும் தண்டு, கைப்பிடி, கால் மிதி. பெரிய சக்கரம் போகாத இடம் எல்லாம் இதன் வேலை. சிறு முனைகளின் தண்டு பெரும்பாலும் 2.35 மி.மீ. தடிமன். தண்டைக் கூர்மையாக வளைத்து வேலை பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பி சூடேறி அறுந்துவிடும், மோட்டாரின் கொக்கியை உயர்த்தி, தண்டு பெரிய வளைவாகத் தொங்கும்படி பாருங்கள். சின்ன முனை என்பதால் வேகமாகத்தான் ஓட்ட வேண்டும் என்று இல்லை. முடி பிரஷ்ஷை உச்ச வேகத்தில் ஓட்டினால் முடிகள் உதிர்ந்து ஊசியாகப் பறக்கும். இதில் பொருளைப் பிடிக்க, மோதிரக் கிளாம்பை மேசை ஆப்பில் முட்டுக்கொடுத்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த உறுதியான வழி. கைப்பிடி பிடித்த கையின் ஒரு விரலும் ஆப்பைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

கடிகாரக் கேஸ்

இங்கே ஒவ்வொரு தவறும் நிரந்தரம், அதனால் நிதானமாகவே போவோம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பாலிஷ் செய்யலாமா என்பது. முலாம் பூசிய கேஸ் என்றால் வேண்டாம். பழைய முலாம் கேஸ்களில் 20 மைக்ரான் என்று குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதாவது 0.02 மி.மீ., மூலைகளில் சக்கரம் அதை நொடிகளில் தின்றுவிடும். பழைய சேகரிப்புக் கடிகாரமாக இருந்தால் உரிமையாளரிடம் பேசுங்கள். பாலிஷ் படாத, விளிம்புகள் கூர்மையாக இருக்கும் கேஸுக்குத்தான் மதிப்பு அதிகம். முத்திரையோ வரிசை எண்ணோ ஏற்கெனவே மங்கலாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

செய்வதென்று முடிவானால் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பட்டை, பின்மூடி, மூவ்மென்ட், கண்ணாடி, ரப்பர் வளையங்கள், கழலக்கூடிய பெசல் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம்). வெறும் உலோகம் மட்டும் மிஞ்ச வேண்டும். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். எந்த முகம் பளபளப்பு, எது மெல்லிய கோடுகள் போட்டு மங்கலாக விட்டது, கோடு எந்தத் திசை என்பது நினைவில் நிற்காது.

கேஸைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தி, உள்குமிழில் மாட்டுங்கள். கோடு போட்ட முகங்களைச் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் மூடி, டேப் விளிம்பைப் பிளேடால் சரியாக முகத்தின் எல்லையில் வெட்டுங்கள். பளபளப்பான முகங்களைக் கடினமான ஃபெல்ட்டில், பச்சைச் சோப்பில் பாருங்கள். தளர்ந்த துணிச் சக்கரத்தைப் பட்டை மாட்டும் காதுகளின் அருகே கொண்டு போகவே போகாதீர்கள், அந்த மூலைகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும். அப்படி உருண்ட கேஸ் ஒன்றை லேசர் வெல்டிங்கில் உலோகம் ஏற்றித் திரும்ப வடிவமைப்பது தவிர வேறு வழியில்லை.

தட்டையான முகம் உண்மையிலேயே தட்டையாக வர வேண்டுமென்றால் சக்கரத்தின் விளிம்பு உதவாது, சுழலும் தட்டின் தட்டைப் பக்கம் வேண்டும். ஜப்பானின் கிராண்ட் சீகோ கடிகாரக் கேஸ்களில் பேசப்படும் சராட்சு பாலிஷ் இந்த வகைதான். கெப்ரூடர் சலாஸ் என்ற பெயர் பொறித்த மெஷினில் இந்த வேலை தொடங்கியது, சலாஸ் என்ற பெயரின் ஜப்பானிய உச்சரிப்புதான் சராட்சு. இதில் மெஷினைவிடக் கேஸைத் தாங்கும் பிடிதான் கடினம், கோணம் இம்மியளவு மாறினால் பிம்பம் நெளியும். திருகுத் தலைகளுக்குச் செய்யும் கறுப்பு பாலிஷும் இதே தத்துவம். வெள்ளீயத் தட்டில் வைர பேஸ்ட், மேலே மூன்று கால் பிடி. மூன்று கால்களில் ஒன்று பாலிஷ் ஆகும் பொருளேதான், மற்ற இரண்டையும் ஏற்றி இறக்கிச் சமன் செய்துகொள்ளலாம். முகம் முழுதாகத் தட்டையானதும் ஒரு கோணத்தில் கருப்பாகவும் சற்றுச் சாய்த்தால் வெள்ளையாகவும் மாறும். கையில் அது முதல் முறை கறுத்ததைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

பளபளப்பு முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, இப்போது பளபளப்பை மூடுங்கள். கோடு போட நைலான் நார்ச் சக்கரம் அல்லது சமமான பலகையில் ஒட்டிய உப்புத்தாள். பலகையில் கேஸை வைத்து ஒரே திசையில், ஒரே இழுப்பில் இழுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கோடு முனைகளில் வளையும்.

உலோகச் செயின் பட்டையை மரக்கட்டையில் வளைத்து இறுக்கிப் பிடித்தால் கண்ணிகள் அசையாது. டைட்டானியம் வந்தால் தனிக் கவனம், அதன் நுண்தூள் தீப்பிடிக்கும், துணித்தூள் நிறைந்த உறிஞ்சியில் அதை விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து மாட்டும்போது புது ரப்பர் வளையம் போட்டு, நீர்புகா அழுத்தச் சோதனை செய்த பிறகே ஒப்படையுங்கள். கேஸிலிருந்து உலோகம் போயிருக்கிறது, வளையம் உட்காரும் இடம் முன்பு போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கழுவுவது

ஒவ்வொரு சோப்புப் படிக்கும் நடுவில் கழுவ வேண்டும், கடைசியில் மட்டும் அல்ல. வெட்டும் துகள் ஒன்று சந்தில் தங்கினால் மெருகுச் சக்கரத்துக்குப் போய் அதையும் கெடுக்கும். அல்ட்ராசோனிக் தொட்டி பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் ஓடும். தண்ணீர் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ், அதற்கான சோப்புக் கரைசல், சில நிமிடங்கள். பொருளைத் தொட்டியின் அடியில் போடாமல் கூடையில் தொங்கவிடுங்கள். பீப்பாய்க்கு ஆகாத கற்கள் இதற்கும் ஆகாது. கழுவிய பிறகு லென்ஸில் பார்த்து, கல்லைப் பிடித்திருக்கும் முனைகளைச் சாமணத்தால் மெல்ல அசைத்துப் பாருங்கள். சோப்புப் பிசுக்குதான் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது சில சமயம் கழுவிய பிறகுதான் தெரியும்.

தூசி

தங்கப் பட்டறையில் உறிஞ்சியின் வடிகட்டி ஒரு பணப்பெட்டி. சக்கரம் எடுத்த உலோகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தனித்தனிப் பை வைத்து, தேய்ந்துபோன சக்கரம், கழித்த உப்புத்தாள், கை துடைத்த துணி, எல்லாவற்றையும் அதிலேயே போட்டுச் சுத்திகரிப்பவரிடம் கொடுங்கள். எஃகு தேய்க்கும்போது பொறி பறக்கும், அந்தப் பொறி பஞ்சும் மெழுகும் நிறைந்த பைக்குள் போனால் பிடித்துக்கொள்ளும், அதனால் எஃகு அரைப்பதற்கு வேறு உறிஞ்சி வேண்டும். கடிகார வேலையும் அதே அறையில் நடந்தால் மூவ்மென்ட் திறக்கும் மேசை கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். சிவப்பு ரூஜ் தூள் எண்ணெயில் கலந்தால் அதுவே தேய்க்கும் பேஸ்ட் ஆகிவிடும், கடிகாரத்தின் அச்சு முனைகள் அதைத் தாங்காது.